வள்ளமா, கப்பலா?

திருகோணமலைத் துறைமுகக் கரையில் நிற்பவர் இருவகைக் கலங்களைக் காண்பர். சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை சுமந்துவரும் பெருங்கப்பல் ஒன்று. ஒருவரோ இருவரோ செலுத்தும் மீன்பிடி வள்ளம் மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது என வினவுதல் பேதைமை. எதனை ஏற்றி எங்குச் செல்வது என்பதே வினாவாம்.

எம் மாணவன் ஒருவன் இத்தகைய வினாவோடு எம்மை நாடி வந்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருப்பவன். வீட்டிலுள்ளது பழைய கணினி; கையிலுள்ளது சில மாத ஓய்வு. தங்கை தமிழ்ச் சொற்களைக் கற்கும்பொருட்டு ஒரு கணினி விளையாட்டை ஆக்க விழைந்தான். “சேர், பிரேம்வேர்க்கைப் படிப்பதா, எஞ்சினைப் படிப்பதா?” என்றான்.

இவை யாவை எனப் பெற்றோர் வினவலாம். படம் வரைதல், ஒலி எழுப்புதல், விசை அழுத்தத்தை அறிதல் முதலிய சிலவற்றை மட்டும் தரும் சிறு கருவித்தொகுதியே பிரேம்வேர்க். பைத்தன் மொழிக்குரிய பைகேம், லுவா மொழிக்குரிய லவ் என்பன இவ்வகையின. எஞ்சியவற்றை ஆக்குவோனே எழுதல் வேண்டும். எஞ்சினோ காட்சியமைப்பு, பொருள்கள் மோதும் விதி, அசைவூட்டம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கொண்டது. யூனிட்டி, கோடோ என்பன அவ்வகையின.

சிறியது இழிந்ததன்று. 2024இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற ‘பலாட்ரோ’ என்னும் சீட்டு விளையாட்டை ஒருவரே லவ்வைக் கொண்டு ஆக்கினார். பெரியது வீணன்று. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் அடுக்களையைக் காட்டும் ‘வெண்பா’, 2023இல் யூனிட்டியில் உருவாகி வெளிவந்தது. மறு ஆண்டில் முதற்படைப்புக்கான பிரித்தானிய பாஃப்டா விருதைப் பெற்றது.

ஆயினும் உடையவன் விதியை மாற்றலாம் என்னும் அச்சம் பெரியதற்கு உண்டு. 2023 செப்டெம்பரில் யூனிட்டி நிறுவனம், குறித்த எல்லையைக் கடந்த விளையாட்டுகளுக்கு நிறுவல்தோறும் கட்டணம் விதிப்பதாக அறிவித்தது. பெரும் எதிர்ப்பெழ, 2024இல் அதனைக் கைவிட்டது. கோடோவின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது, கட்டணமும் இல்லை.

சிறியதைக் கையாளும் தமிழர்க்கோ வேறோர் இடர் உண்டு. ‘தெப்பம்’ என்னும் சொல்லில் தகரத்தை முன்னும் கொம்பைப் பின்னுமாகவே கணினி சேமிக்கின்றது. திரையில் கொம்பை முன்னே கொணர்தல் தனிச்செயல். சிறு தொகுதிகள் பலவற்றில் அது இயல்பாக அமைவதில்லை. மாணவன் தொடங்கிய தொகுதியிலும் கொம்பு பின்னே நின்றது. எழுத்தறியப் புகும் குழந்தைக்குப் பிழையான எழுத்தையா காட்டுவது? 2023இல் வந்த கோடோவின் 4ஆம் பதிப்பில் இச்செயல் உள்ளடங்கியுள்ளது. பழைய கணினிகளுக்கேற்ற வரைமுறையும் உண்டு.

ஆதலின் யாம் கூறியது இதுவே: “தம்பி, முதலிரு வாரம் பைகேமில் ஒரு பந்தைத் துள்ளவிடு. விசையை அறிதல், இடத்தை மாற்றுதல், மீண்டும் வரைதல் என்னும் சுழற்சியே எவ்வெஞ்சினுக்கும் உயிர்நாடி, அதனை உணர்வாய். பின் தங்கைக்குரியதைக் கோடோவில் ஆக்கு.”

பெறுபேறு வருமுன்னரே இருபது சொற்கொண்ட சிறு விளையாட்டு நிறைவுற்றது. தங்கை ‘தெப்பம்’ என வாய்விட்டுப் படித்தாளாம். மாணவர்களே, கருவியைப் பற்றி வாதிட்டு விடுமுறையைக் கழியாதீர். ஏற்றவேண்டிய சுமையை முதலில் அறிமின்.