முன்னறிவது கணினி, தடுப்பது பகல் வெளிச்சம்

“கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்கிறான், டாக்டர்.” கண் சிகிச்சைப் பிரிவில் பெற்றோர் அடிக்கடி சொல்லும் சொற்கள் இவை. பிள்ளையின் கண்கள் பரிசோதிக்கப்பட்டுக் கண்ணாடி எழுதித் தரப்படுகிறது. அடுத்த ஆண்டு அதன் பவர் கூடுகிறது. அதற்கடுத்த ஆண்டும் கூடுகிறது. அப்போது பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: “இது எங்கே போய் நிற்கும்?”

இக்கேள்விக்கு மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டே விடை கூறிவந்தார். அவ்விடையை இன்னும் துல்லியமாக்கச் செயற்கை நுண்ணறிவு இன்று துணைபுரியத் தொடங்கியுள்ளது. அதனால் இயல்வது எது, இயலாதது எது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

கண்ணில் நிகழ்வது என்ன?

குழந்தை வளர வளர விழிக்கோளமும் வளர்கிறது. அவ்வளர்ச்சி அளவு மீறி, விழி முன்பின்னாக நீண்டுவிட்டால், தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னதாகவே குவிந்துவிடுகிறது. இதுவே கிட்டப்பார்வை. விழி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே கண்ணாடியின் பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை கூடும். நீண்ட விழியை மீண்டும் குறுகச் செய்யும் மருந்து இன்று இல்லை.

கண்ணாடி அணிந்தால் பார்வை தெளியும். ஆனால் நீட்சியால் விழித்திரை மெலிவது நிற்பதில்லை. பவர் மைனஸ் 6 டயாப்டரையும் தாண்டும் உயர் கிட்டப்பார்வையில், விழித்திரை விலகல், விழித்திரையின் மையப்பகுதிச் சிதைவு, கண் நீர் அழுத்த நோய் ஆகியவை நேரும் வாய்ப்பு மிகுதி. இவை நடுவயதில் நிரந்தரப் பார்வையிழப்புக்குக் காரணமாகக்கூடும். ஆகவே பள்ளிப் பருவத்தில் ஒவ்வொரு டயாப்டரைத் தடுப்பதும் பிற்காலப் பார்வையைக் காப்பதாகும்.

டெல்லிப் பள்ளிகளில் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் 13.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை காணப்பட்டது. வாரத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடிய பிள்ளைகளிடம் அது குறைவாகவே இருந்தது.

கணினி கற்றுக்கொண்ட பாடம்

சீனாவின் குவாங்சூ நகரில் உள்ள சோங்ஷான் கண் மருத்துவ மையத்தின் ஆய்வாளர்கள், எட்டு மருத்துவ மையங்களில் 2005 முதல் 2015 வரை சேர்ந்திருந்த பதிவேடுகளைத் திரட்டினர். ஏறத்தாழ 1 லட்சத்து 29 ஆயிரம் பேருடைய கண் பரிசோதனைக் குறிப்புகள் அவற்றில் இருந்தன. வயது, அப்போதைய பவர், ஆண்டுதோறும் அது கூடிய வேகம் என்னும் மூன்று விவரங்களைக் கணினிக்கு அளித்தனர். பதினெட்டு வயதுக்குள் யாருக்கு உயர் கிட்டப்பார்வை வந்தது என்பதை அப்பதிவுகளிலிருந்தே கணினி கற்றுக்கொண்டது.

2018இல் வெளியான முடிவு வியப்பளித்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னதாகவே அபாயத்தை ஓரளவு நம்பத்தக்க வகையில் அதனால் கணிக்க முடிந்தது. பிற்காலத்தில் உயர் கிட்டப்பார்வை வரவிருக்கும் ஒரு பிள்ளையையும் வராத ஒரு பிள்ளையையும் இணையாக நிறுத்தினால், அபாயம் யாருக்கு மிகுதி என்பதை நூறு இணைகளில் எண்பதுக்கு மேல் சரியாகச் சொன்னது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பான கணிப்பு இன்னும் துல்லியமாக இருந்தது.

எண்பது சரியென்றால் எஞ்சியவை தவறு என்பதையும் மறக்கலாகாது. மேலும், ஒரு நாட்டுப் பிள்ளைகளின் பதிவுகளிலிருந்து கற்ற கணினியை வேறு நாட்டுப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த பின்னரே நம்பவேண்டும். “அபாயம் மிகுதி” என்பது எச்சரிக்கை மட்டுமே. அதைத் தலைவிதியாகக் கொள்ளவேண்டாம். “அபாயம் குறைவு” என்று வந்தாலும் பரிசோதனையை நிறுத்தக்கூடாது.

கணிப்பின் பயன் எங்கே?

யாருக்குச் சிகிச்சை முதலில் தேவை என்று தெரிவதே கணிப்பின் பயன். பவர் விரைந்து கூடும் பிள்ளைகளுக்குக் குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு மருந்து, தனி வகை லென்சுகள் ஆகியவற்றால் அவ்வேகத்தைக் குறைக்கலாம். இவை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்தத்தக்கவை.

ஆயினும் கண்ணாடி தேவைப்படுவதற்கு முன்பே செய்யத்தக்க எளிய தடுப்பு, பகல் வெளிச்சம். அதே குவாங்சூவில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு சேர்க்கப்பட்டது. மற்றவற்றில் வழக்கம் மாறவில்லை. மூன்று ஆண்டுகளில் வழக்கமான பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்கும், வெளிப்புற வகுப்பு நடந்த பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. நூற்றுக்கு ஒன்பது பிள்ளைகள், நாற்பது நிமிட வெளிச்சத்தால் அந்த மூன்றாண்டுகளில் தப்பினர்.

வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவே. திறந்த வெளியில் பகலில் அது பத்தாயிரத்தையும் தாண்டும். அவ்வொளி விழித்திரையில் டோபமைன் சுரப்பைத் தூண்டி, விழியின் நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கிட்டப்பார்வை வந்த பின்னர் வெளிச்சத்தின் பயன் குறைவே. வருமுன் காப்பதில்தான் அதன் ஆற்றல் மிகுதி.

பெற்றோர் செய்யவேண்டியவை

பள்ளியில் சேரும் வயதிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் பிள்ளையின் கண்களைப் பரிசோதியுங்கள். ஆறு வயதில் கண்ணில் சிறிதளவு பிளஸ் பவர் இருப்பது இயல்பு. அது மிகக் குறைவாக இருந்தால், பார்வை தெளிவாக இருப்பினும் அது முன்னறிகுறியே. சொட்டு மருந்திட்டுச் செய்யும் பரிசோதனையில்தான் இது சரியாகத் தெரியும்.

ஒவ்வொரு முறை எழுதித் தரும் சீட்டையும் தேதியுடன் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கணினியாயினும் மருத்துவராயினும் பவர் கூடும் வேகத்தை அச்சீட்டுகளிலிருந்தே அறியமுடியும்.

நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கச் செய்யுங்கள். கோடையில் காலையும் மாலையும் போதும். மர நிழலும் தொப்பியும் தடையல்ல. சூரியனை நேரே பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

புத்தகமும் கைப்பேசியும் கண்ணுக்கு மிக அருகில் வேண்டாம். இடையிடையே தொலைவைப் பார்க்கப் பழக்குங்கள்.

கண்ணாடி அணிந்தால் பவர் ஏறும் என்று அஞ்சிக் குறைந்த பவரில் கண்ணாடி கேட்கவேண்டாம். மலேசியாவில் 2002இல் வெளியான ஆய்வில், அவ்வாறு குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்கே கிட்டப்பார்வை விரைந்து கூடியது.

உடற்கல்வி வேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுப்பதும், பள்ளி முடிந்ததும் நேரே டியூஷனுக்கு அனுப்புவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. பிள்ளையின் மதிப்பெண்ணுக்காக நாம் விட்டுக்கொடுக்கும் அந்த மாலை வேளை, அவன் கண்ணுக்கு உரியது. “இது எங்கே போய் நிற்கும்?” என்ற கேள்விக்குக் கணினி ஒரு மதிப்பீட்டைத் தரலாம், அதைத் தள்ளிப்போட, இன்று மாலை பிள்ளையை விளையாட அனுப்பும் பெற்றோரால் இயலும்.