கூரைக்குள் ஒளிந்த இழை

பருத்தித்துறையிலுள்ள என் வீட்டுக் கூரையைச் சென்ற மாதம் பிரித்தோம். பாட்டனார் காலத்திலே பனையோலை வேய்ந்திருந்த வீடு. தந்தையார் அஸ்பெஸ்டோஸ் தகடு ஏற்றினார். கடற்காற்றின் உப்பில் துருப்பிடியாது, அடிக்கடி வேயவும் வேண்டாம். அவர் கண்ட வசதியை நான் குறை கூறேன்.

வேலைக்கு வந்த இளைஞர் கையிலே சம்மட்டி. "மாஸ்ரர், நாலு போடு போட்டால் அரை மணித்தியாலத்திலை எல்லாம் கீழை வந்திடும்" என்றார். தடுத்தேன். சீமெந்துக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அந்த இழை சாது. உடைத்தாலோ அறுத்தாலோ பறக்கும். நெடுக்காகப் பிளந்து பிளந்து, கண்ணுக்குப் புலனாகா ஊசிகளாகி நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடும். அதனால் விளையும் புற்றுநோய் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும்.

2018 முதல் இதன் இறக்குமதியைத் தடுக்க நம் அரசு முனைந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியில் வண்டொன்று கண்டதாகச் சொல்லி ருஷியா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டோஸ் விற்கும் நாடும் அதுவே. தடை பின்தள்ளப்பட்டது, சில நாட்களில் தேயிலைக்கு வழி திறந்தது. ஒரு வண்டுக்கு இத்தனை வல்லமையா என்று அன்று வியந்தேன்!

புதுக் கூரையின் கீழ் வெப்பந் தடுக்கக் கண்ணாடி இழைப் பஞ்சு விரிக்கலாமென்றதும் மனைவி அஞ்சினாள். "இஞ்சாருங்கோ, இதுவும் அதுதானே?" அதுவன்று. கண்ணாடி இழை குறுக்கே முறியும். உடலுக்குள் மெல்லக் கரையும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988இல் இப்பஞ்சை ஐயத்துக்குரியதென வகுத்தது. 2001இல் கூடிய அறிஞர் குழுவோ அவ்வரிசையிலிருந்து இறக்கிவிட்டது. அஸ்பெஸ்டோஸ் இன்றும் முதல் வரிசையிலேயே நிற்கிறது. கண்ணாடி இழை தரும் தொல்லை அரிப்பும் இருமலும். நம் கரையிலே பைபர் வள்ளம் தேய்ப்போர் இதை நன்கறிவர்.

இப்பஞ்சுக்குப் பகை ஈரம். பெருங் கட்டடங்களிலே குளிர்காற்று செல்லும் குழாய்களின் உட்புறத்தில் இதை ஒட்டுவதுண்டு. அங்கே நீர் கசிந்து தூசும் படிந்தால் பூஞ்சணம் முளைக்கும். அதன் வித்துகளைக் காற்றே அறையெங்கும் பரப்பும். கழுவிப் பயனில்லை, பெயர்த்தெறிதலே வழி. ஆகவே மார்கழி மழையில் ஒழுக்கு இல்லையெனக் கண்ட பின்னரே பஞ்சு விரிப்பதென முடிவு செய்தேன்.

பழைய தகடுகளை நீர் தெளித்து, ஆணி கழற்றி, முழுதாகவே இறக்கினோம். இரண்டு நாள் பிடித்தது. முகமூடி அணிய இளைஞர் வெட்கப்பட்டார். நான் அணிந்த பிறகு அணிந்தார். தகடுகள் படங்கு போர்த்துப் பின்வளவிற் கிடக்கின்றன. எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்று பலரைக் கேட்டுவிட்டேன். இடஞ் சொல்வார் ஒருவரையும் இன்னும் காணேன்.