தகர டப்பாவில் தாள் ஏன் நிற்கமாட்டேங்குது?

பிஸ்கட் தீர்ந்த டின், பால் பவுடர் டப்பா, காபித்தூள் டப்பா, இதில் எதையும் தூக்கிப் போட நமக்கு மனசு வராது. பட்டன், நூல்கண்டு, பழைய ரசீது என்று ஏதாவது ஒன்று அதற்குள் குடியேறிவிடும். இப்போது படம் போட்ட தாள், ஸ்டிக்கர், வாஷி டேப், ரிப்பன் என்று ஸ்க்ராப்புக் சாமான்கள் சுலபமாகக் கிடைப்பதால், டப்பாவின் மேலேயும் ஏதாவது ஒட்டி அழகு பார்க்கலாமே என்று பலருக்கும் தோன்றுகிறது. ஒட்டின அன்று நன்றாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் போகட்டும், ஓரம் தூக்கிக்கொள்ளும், நடுவில் கொப்புளம் வரும், தாளில் பழுப்புக் கறை ஏறும்.

இது ஏன் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். பெரும்பாலும் ஒரே காரணம்தான். தாள் தண்ணீரைக் குடிக்கும், தகரம் குடிக்காது.

பிஸ்கட் கம்பெனிக்கும் இதே தலைவலி

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டின் மேல் பெரும்பாலும் காகித லேபிள்தான் ஒட்டினார்கள். நேராக அச்சடிக்கலாமே என்றால், அப்போது வண்ணப் படம் என்றால் கல்லச்சு. கல்லும் கடினம், தகரமும் கடினம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மை சீராகப் படியாது. 1875இல் லண்டனில் ராபர்ட் பார்க்லே என்பவர் ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினார். கல்லில் இருக்கும் மையை முதலில் பக்குவப்படுத்திய அட்டை சுற்றிய உருளைக்கு மாற்றி, அங்கிருந்து தகரத்துக்கு மாற்றுவது. அட்டை இருந்த இடத்துக்குப் பிறகு ரப்பர் வந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதே உத்தி காகித அச்சுக்கும் வந்தது. அதைத்தான் ஆஃப்செட் என்கிறோம். கடையில் விற்கும் படம் போட்ட தாள்கள் பெரும்பாலும் அப்படி அச்சானவைதான். தகரத்துக்காகப் பிறந்த முறையில் அச்சான தாளை, திரும்பவும் தகரத்தில் ஒட்ட நாம் இந்தப் பாடு படுகிறோம்!

தேய்க்கணும், ஆனால் ரொம்ப வேண்டாம்

தகரம் என்று நாம் சொல்வது உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு. அதன் மேல் வெள்ளீயம் மிக மெல்லிசாகப் பூசியிருக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் அரிந்து இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் நேர்மாறு. ஈரம் பட்டால் கீறலில் தெரியும் இரும்புதான் முதலில் அரிக்கும். அதனால்தான் "உப்புத்தாள் போட்டு நல்லா சுரண்டுங்க" என்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 400 நம்பர் போல நைசான தாளால், பளபளப்பு மங்கும் அளவுக்குத் தடவினால் போதும். பிறகு சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, முழுசாகக் காயவைத்து, பெயிண்ட் கடையில் கிடைக்கும் மெட்டல் பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். இரும்புக்கும் பசையின் ஈரத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு, பசைக்கும் ஒரு பிடிமானம். இந்த ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எந்தப் பசை?

வெள்ளைப் பசை அதன் தண்ணீர் வெளியேறினால்தான் இறுகும். மரத்தில் ஒட்டினால் தண்ணீர் இரண்டு பக்கமும் போகும். தகரத்தில் தாள் வழியாக மட்டும்தான் போகணும். தடிமனாகத் தடவினால் தாள் ஊறி உப்பும், அதுதான் கொப்புளம். ஆகவே மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு துணியால் நீவுங்கள். தடித்த அட்டைத்தாளுக்கு இருபக்க டேப் நல்லது, அதில் தண்ணீரே இல்லை. ஆனால் ஒட்டியதை எடுத்துத் திரும்ப ஒட்ட முடியாது. வாஷி டேப்பின் பசை உரித்தெடுப்பதற்கென்றே லேசாகச் செய்தது, அதன் முனைகளில் ஒரு சொட்டு பசை வையுங்கள்.

தாளுக்கும் திசை உண்டு. இழைகள் ஓடும் போக்கில் சுலபமாக வளையும், குறுக்கே முரண்டு பிடிக்கும். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரியும். எளிதாக வளையும் பக்கம் டப்பாவைச் சுற்றி வரட்டும்.

அளவு விஷயம் இன்னொன்று. ஸ்க்ராப்புக் தாள் வழக்கமாக 12 அங்குலச் சதுரம், அதாவது சுமார் 30.5 செ.மீ. 10 செ.மீ. விட்டமுள்ள டப்பாவின் சுற்றளவு 31.4 செ.மீ. ஒரு தாள் எட்டாது! 1 செ.மீ. மேல்மடிப்பு வேண்டுமென்றால் 9.4 செ.மீ. விட்டம் வரைதான் ஒரே தாளில் முடியும். மூடியைப் போட்டு அதன் விளிம்பில் பென்சில் கோடு கிழித்துவிட்டு, கோட்டுக்குக் கீழேதான் ஒட்டணும். இல்லாவிட்டால் மூடி உட்காராது.

அந்த ஒரே ஃபோட்டோ

எங்கள் சித்தி தன் மாமியாரின் ஃபோட்டோவை இப்படி ஒரு டின்னில் ஒட்டப்போவதாகச் சொன்னார். வீட்டில் அவருக்கு இருப்பது அந்த ஒரே படம். "ஆசிட் ஃப்ரீனு போட்ட தாள்தான் வாங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகாதுடா" என்றார்.

அந்த வார்த்தைகள் பொய் இல்லை. அமிலம் இருக்கும் மலிவான தாள் நாளாக நாளாகப் பழுத்து, பக்கத்தில் இருக்கும் படத்தையும் கெடுக்கும் என்பதால் ஆல்பங்களுக்காகச் செய்த தாள் அது. ஆனால் அந்த உத்தரவாதம் தாளுக்கு மட்டும்தான். அடியில் இருக்கும் துருவுக்கும், மேலே படும் வெயிலுக்கும், கை ஈரத்துக்கும் அது பொறுப்பில்லை. பசை போட்டு இறுகின ஃபோட்டோவைப் பிறகு உரித்து எடுக்கவும் முடியாது.

"சித்தி, ஸ்கேன் பண்ணி நகலை ஒட்டுங்க, ஒரிஜினலை ஆல்பத்திலேயே வைங்க" என்றேன். நகலிலும் ஒரு கவனம் வேண்டும். இங்க்ஜெட் பிரின்ட் என்றால் பசை ஈரத்தில் மை கலங்கலாம். லேசர் பிரின்ட் அல்லது ஜெராக்ஸ் என்றால் அந்தப் பயம் இல்லை.

கடைசியாக, பசையும் பெயிண்டும் டப்பாவின் வெளிப்பக்கம் மட்டும் போதும். உள்ளே முறுக்கு வைப்பதாக இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். அலங்கரித்த டப்பாவைக் குழாயடியில் போடாமல், நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து வைத்தால் ரொம்ப நாள் வரும். சித்தியின் டின்னில் இப்போது இருப்பது ஜெராக்ஸ்தான். அது மங்கினால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.