சுப்ரதோ கோப்பையும் நம் எல்லைப்புறப் பிள்ளைகளும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பந்தை உதைத்துக்கொண்டு திரிந்தால் படிப்புக் கெட்டுவிடும் என்னும் எண்ணம் நம்மவர் இல்லங்களில் இன்றும் வேரூன்றியிருக்கிறது. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள தமிழ்க் குடும்பங்களில் பழகுகிற நமக்கு இது நன்கு தெரியும். தகப்பனார் பிழைப்புத் தேடி இங்கு வந்தவர். பிள்ளை எப்படியாவது ஓர் உத்தியோகத்தில் அமரவேண்டும் என்பது அவர் கவலை. அந்தக் கவலையை நாம் பழிக்கவில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் டில்லியில் கேரளப் பள்ளி ஒன்று சாதித்ததை அவர்கள் ஒருமுறை கேட்கவேண்டும் என்பது நம் விருப்பம்.

இந்திய விமானப்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி. பள்ளி மாணவருக்கென்றே அகில இந்தியக் கால்பந்துப் போட்டி ஒன்று 1960-ல் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அவர் டோக்கியோ நகரில் காலமானார். கோப்பை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாநிலத்தில் வென்ற பள்ளி டில்லிக்குச் செல்லலாம். பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கி வெல்லக்கூடிய கோப்பையன்று இது. ஒரு பள்ளி ஆண்டுதோறும் பிள்ளைகளை வளர்த்தெடுத்தாலன்றிக் கைகூடாது.

கால்பந்துக்கு உயிரையே கொடுக்கும் கேரளம் இந்தக் கோப்பையை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொட முடியாமல் இருந்தது என்றால் நம்புவது கடினம். அறுவடை முடிந்த மலபார் வயல்களில் எழுவர் ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டத்தைக் காணக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆயினும் செவன்ஸ் வேறு, பதினொருவர் ஆட்டம் வேறு. சிறு களத்தில் வித்தை காட்டும் கால்கள், பெரிய மைதானத்தில் ஒருவருக்கொருவர் இடமறிந்து ஓடுவதைத் தனியே பயிலவேண்டும். அதற்கு நாள்தோறும் நேரமும், இடமும், ஊதல் பிடித்த ஓர் ஆசானும் வேண்டும். இது நம் அபிப்பிராயம். செவன்ஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இவற்றை அமைத்துக்கொண்ட பள்ளிகளில் மலப்புறத்து எம்.எஸ்.பி. மேல்நிலைப் பள்ளியை முதலில் சொல்லவேண்டும். 1921-ல் மலபார்க் கிளர்ச்சியை ஒட்டி உருவான மலபார் ஸ்பெஷல் போலீஸ் படையின் பெயரைக் கொண்ட பள்ளி அது. பந்தாட்டத்தில் பேர்பெற்ற படை. அதன் நிழலில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பந்து அந்நியமாகுமா? 2012-ல் அப்பள்ளி சுப்ரதோ கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டியது. எதிரில் நின்றதோ உக்ரைன் நாட்டு டைனமோ கீவ் அணியின் இளைஞர்கள்! உலகப் புகழ்பெற்ற சங்கம் ஒன்றின் பயிற்சிப் பிள்ளைகளை நம் பள்ளிப் பிள்ளைகளோடு மோதவிட்டது நியாயந்தானா என்பது வேறு கேள்வி. மலப்புறம் தோற்றது, ஆயினும் கேரளத்துப் பள்ளி இறுதி வரை போகமுடியும் என்பது தெளிவாயிற்று.

பதின்மூன்று ஆண்டு கழித்து வழி திறந்தது. பாறசாலையில் வண்டியேறி வடக்கே போனால், கோழிக்கோட்டுக்குச் சற்று முன்னே, சாலியாற்றின் தென்கரையில் பரோக் நிலையம் வரும். அப்பகுதியைச் சேர்ந்த பாரூக் மேல்நிலைப் பள்ளி, டில்லி அம்பேத்கர் விளையாட்டரங்கில், பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவின் இறுதி ஆட்டத்தில், உத்தரகண்டைச் சேர்ந்த பள்ளி ஒன்றை 2-0 என்று வென்றது. சுப்ரதோ கோப்பை முதன்முறையாகக் கேரளம் வந்தது.

வடக்கே நடந்தது இது. நம் ஊரில் திறமைக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், எல்லைக் கோட்டை ஒட்டிக் கிடக்கும் பொழியூரைப் பத்திரிகைகள் ‘சந்தோஷ் டிராபி கிராமம்’ என்றே அழைக்கின்றன. கேரள அணிக்கு ஒருவர் பின் ஒருவராக ஆட்டக்காரரைத் தந்த மீனவக் கிராமம் அது. 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி கல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கேரளம் கோப்பை பெற்றபோது, அணியிலிருந்த சீசன் பொழியூர்க்காரர். 1956-ல் விளவங்கோடு அப்பக்கமும் நெய்யாற்றின்கரை இப்பக்கமுமாகப் பிரிந்தன. ஆனால் கடற்கரை மணலைப் பிரிக்க முடியவில்லை. நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் எனத் தொடரும் அக்கரையிலும் மாலையானால் இதே ஆட்டந்தான். குமரி மாவட்டத்து மீனவக் கரையிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை உயர்ந்தார்.

குறை திறமையிலன்று, தரையில். பொழியூர்ப் பிள்ளைகளின் மைதானம் கடற்கரையே. அக்கரையைக் கடல் அரித்துத் தின்கிறது; வீடுகளே போய்விட்டன. எல்லைக்கு அப்பால் போடப்பட்ட கல்தடுப்புகளால்தான் அரிப்பு இப்பக்கம் திரும்பிற்று என்று ஊரார் முறையிடுகின்றனர். வழக்கு எப்படி முடிந்தாலும், பந்து உருளத் தரை வேண்டும் அல்லவா? மணல் போன இடத்தில் பள்ளி மைதானந்தான் மிஞ்சும். அதை மாலையில் பூட்டி வைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் கூட்டங்களில் நாம் கேள்வி கேட்கவேண்டும்.

உத்தியோகக் கவலைக்கு வருவோம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயன், பந்தாட்டத்தால் கேரளப் போலீசில் வேலை பெற்றார். 2025-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். விளையாட்டு வீரருக்கென ரயில்வேயும் இடங்கள் ஒதுக்குகிறது. ரயில்வே அணி 1960-களில் மூன்று முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. 1973-ல் கொச்சியில் கேரளம் முதன்முதலாக அக்கோப்பையை வென்றதும் இதே ரயில்வேயைத் தோற்கடித்துத்தான்: 3-2, மூன்று கோலையும் காப்டன் மணியே போட்டார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் இதை மகிழ்ந்து எழுதுவது சற்று முறைகேடுதான்! ஆனால் அன்று கேரளத்துக்குப் பயிற்சி தந்த சைமன் சுந்தரராஜ் தமிழகத்துக்காரர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர் என்பதை நினைத்தால் மனம் ஆறுகிறது.

நம் மாவட்டத்திலேயே, அருவிக்கரை அருகே மைலத்தில், ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. அரசு நடத்துவது, தங்குமிடமும் உணவும் படிப்பும் பயிற்சியும் ஓரிடத்திலேயே கிடைக்கும். ஆறாம் வகுப்பு முதல் பிள்ளைகளைச் சோதித்துச் சேர்க்கிறார்கள். அறிவிப்பு மலையாளப் பத்திரிகைகளில் வருவதால் நம்மவர் பலர் கவனிப்பதில்லை. ஓட்டமும் பந்தும் கைவந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். விண்ணப்பத்தை மலையாளத்தில் நிரப்பத் தயங்குவோர், ஞாயிறு காலை சங்க வாசகசாலைக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு வரலாம். நாம் எழுதித் தருகிறோம்.