ஆயிரம் யார்டுக்கு முதல் ரைஃபிள்: பணம் எதில் போக வேண்டும்?

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், "நெடுந்தூர இலக்குச் சுடுதலுக்கு ஒரு ரைஃபிள் வேண்டும், கையில் 2,000 டாலர் இருக்கிறது" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 1,500 டாலர் ரைஃபிள் ஒன்றுதான் முதலில் மேசைக்கு வரும். அது நல்ல ரைஃபிளாகவே இருக்கும். மிச்சமுள்ள 500 டாலரில் ஸ்கோப், அதைப் பொருத்தும் வளையங்கள், ரைஃபிளைத் தாங்கும் இருகால் பைபாட், தோட்டா என்று எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிப்போம். அப்படி வாங்கிய பல ரைஃபிள்கள் இரண்டு மூன்று முறை சுட்டதோடு அலமாரிக்குப் போய்விடுகின்றன. இந்த விளையாட்டுக்குப் போடும் கணக்கு ஓராண்டுக்கானதாக இருக்க வேண்டும். அதில் ரைஃபிளின் பங்கு பாதிக்கும் குறைவாக இருப்பது நல்லது.

ரைஃபிளைப் பார்ப்பதற்கு முன்னால், எங்கே சுடப் போகிறோம் என்று பாருங்கள். பெரும்பாலான உள்ளூர்ச் சங்கங்களின் களங்கள் 100 யார்டிலோ 200 யார்டிலோ முடிந்துவிடும். ஆயிரம் யார்டு, அதாவது 914 மீட்டர், தடையில்லாமல் நீண்டு கிடந்து முடிவில் உயரமான மண்மேடும் உள்ள இடங்கள் குறைவு. ஒஹாயோவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரி அப்படிப்பட்ட ஒன்று. 1907 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் தேசியப் போட்டிகள் அங்கேதான் நடந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய களம் எத்தனை யார்டு, அங்கே என்ன போட்டி நடக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உதாரணத்துக்கு, படுத்துக்கொண்டு பைபாட் வைத்துச் சுடும் எஃப்-டிஆர் பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்ற இரண்டு வகைத் தோட்டாக்களுக்கு மட்டுமே அனுமதி. இது தெரியாமல் 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்கிக்கொண்டு போனால், பல ஆயிரம் டாலர் செலவழித்துச் செய்த ரைஃபிள்கள் இறங்கும் திறந்த பிரிவில்தான் போய் நிற்க வேண்டும்.

அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் இன்று பலரும் முதலில் சொல்வது 6.5 கிரீட்மோர்தான். ஹார்னடி நிறுவனம் 2007-ல் கொண்டுவந்தது. பெயர் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1873-ல் திறந்த கிரீட்மோர் களத்தினுடையது. அடுத்த ஆண்டே அயர்லாந்து அணி அங்கே வந்து அமெரிக்கர்களோடு 800, 900, 1,000 யார்டுகளில் மோதியது. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் இலக்கின் நட்டநடுவில் அடித்த குண்டு ஒன்று உண்டு. ஆனால் அது பக்கத்து இலக்கு. அதற்குரிய 4 புள்ளி சேர்ந்திருந்தால் வெற்றி அயர்லாந்துக்குப் போயிருக்கும். எந்த ரைஃபிள் வாங்கினாலும் தீராத சங்கடம் இது.

6.5 ஏன் பிடித்துப்போகிறது என்றால், அதன் குண்டு நீண்டு மெலிந்தது. காற்றைக் கிழித்துப் போகும்போது வேகத்தை அவ்வளவு இழப்பதில்லை. 100 யார்டுக்குச் சரிசெய்த ரைஃபிளில் 140 கிரெய்ன் எடையுள்ள குண்டு 1,000 யார்டுக்குப் போய்ச் சேரும்போது சுமார் 25 அடி தாழ்ந்திருக்கும். .308-ன் 175 கிரெய்ன் குண்டு 35 அடி தாழும். தாழ்வு பெரிய பிரச்சினை இல்லை; தூரம் தெரிந்தால் அட்டவணையைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகிவிடலாம். காற்றுதான் ஆளைக் கவிழ்க்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று 6.5-ஐ ஆறடி தள்ளினால் .308-ஐ எட்டடி தள்ளும். காற்றைத் தப்பாகக் கணித்தாலும் 6.5 கொஞ்சம் மன்னிக்கும். தோளில் விழும் உதையும் குறைவு.

.308-க்கும் ஒரு நியாயம் உண்டு. அதன் குழல் 5,000 தோட்டாக்களுக்கு மேல் தாங்கும், 6.5-ன் குழல் 2,000, 3,000-ல் தேயத் தொடங்கிவிடும். .308 வாங்குபவர் தோட்டாப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் எடையைப் பார்த்து வாங்க வேண்டும். பிரபலமான 168 கிரெய்ன் போட்டிக் குண்டு 1,000 யார்டை எட்டுவதற்குள் ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த எல்லையைக் கடக்கும்போது தடுமாறி எங்கோ போகும். 175 கிரெய்ன் அந்தத் தூரத்தை ஒழுங்காகக் கடக்கும். களம் 600 யார்டோடு முடிகிறதென்றால் .223 போதும், தோட்டாவும் மலிவு. ஆனால் குழலின் உட்புறத் திருகு 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய குழல்கள் இலேசான குண்டுக்குச் செய்தவை. 77 கிரெய்ன் போன்ற கனமான குண்டு அவற்றில் நிலையாகச் சுழலாது.

இப்போது அந்த 2,000 டாலரைப் பிரித்துப் பார்ப்போம். விலைகள் எல்லாம் தோராயம். 6.5 கிரீட்மோர் ரைஃபிள் 700, ஸ்கோப் 500, வளையங்களும் ஸ்கோப்பை ஏற்றும் தண்டும் 130, பைபாட் 100, பின்புறத் தாங்குபை 40. மிச்சம் 530. போட்டித் தரத் தோட்டா ஒன்று ஒன்றரை முதல் இரண்டரை டாலர். இரண்டு டாலர் என்று வைத்தால் 265 தோட்டா. ஒரு நாளைக்கு 40 சுட்டால் ஏழாவது தடவைக்குள் தீர்ந்துவிடும். சுடக் கற்றுக்கொள்ள இது போதாது.

அதே பணத்தில் ஒரு .22 வாங்கினால் கதை மாறுகிறது. ரைஃபிள் 550, அதே ஸ்கோப், மற்ற சாமான்களும் அதே விலைக்கு. மிச்சம் 680 டாலர். நல்ல தோட்டா 20 சென்ட் என்று வைத்தால் 3,400 முறை சுடலாம். ".22 சின்னப் பிள்ளைகள் சுடுவது, அதற்கும் ஆயிரம் யார்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். நிறையவே இருக்கிறது. இலக்குச் சுடுதலுக்கான .22 குண்டு ஒலியைவிடச் சற்று மெதுவாகக் கிளம்புகிறது. 50 யார்டுக்குச் சரிசெய்த .22-ஐ 200 யார்டில் சுட்டால் குண்டு சுமார் நாலரை அடி தாழும். முன்பு சொன்ன அதே காற்று அதை ஓர் அடிக்கு மேல் தள்ளும். இந்த இரண்டையும் கோண அளவாக மாற்றிப் பாருங்கள்: 6.5 கிரீட்மோர் 1,000 யார்டில் தாழ்வதும் தள்ளப்படுவதும் ஏறத்தாழ இவ்வளவேதான். ஸ்கோப்பைத் திருகும் அளவு ஒன்று, காற்றைப் படிக்கும் பாடம் ஒன்று. 200 யார்டுக் களம் கிடைப்பதும் எளிது.

உதை மட்டும் அதில் வராது. பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கி, அதே நொடியில் குண்டு எங்கே விழுந்தது என்று ஸ்கோப்பிலேயே பார்க்கும் பழக்கத்தை .22 கற்றுத்தராது. அதைப் பின்னால் கற்கலாம். 200 யார்டுக் களம் மட்டுமே பக்கத்தில் இருப்பவருக்கு என் ஓட்டு .22-க்குத்தான். சி.இசட். 457, டிக்கா டி1எக்ஸ் இரண்டும் நம்பிக்கையானவை. இன்னும் கையைக் கடித்தால் சாவேஜ் மார்க் 2. அமெரிக்காவில் பல ஊர்ச் சங்கங்கள் மாதந்தோறும் நடத்தும் என்.ஆர்.எல்.22 போட்டிகளில் எல்லா இலக்குகளும் 100 யார்டுக்குள். ரைஃபிளும் ஸ்கோப்பும் சேர்ந்து இன்ன விலையைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்ட பிரிவும் அதில் இருக்கிறது. தோட்டா விஷயத்தில் ஒரு குறிப்பு: .22 ரைஃபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, ஒத்துவந்த வகையை ஒரே தயாரிப்புத் தொகுதி எண் உள்ளதாகப் பார்த்து மொத்தமாக வாங்குங்கள்.

பெரிய ரைஃபிள்தான் வேண்டும் என்பவர்களுக்கு மலிவான வரிசையில் ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ், ஜப்பானில் செய்யும் ஹோவா 1500; ஆயிரம் டாலர் பக்கம் போனால் ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், ஸ்பெயினின் பெர்காரா பி-14. துல்லியத்தில் இவற்றுக்குள் உள்ள வேறுபாட்டை ஒரு புதியவரின் கை கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்கக்கூடியவை வேறு. ஒரே பெயரில் வேட்டைக்கான மெல்லிய குழலும் வரும், கனத்த குழலும் வரும், கனத்ததை எடுங்கள். மெல்லியது நாலு முறை சுட்டாலே சூடேறிவிடும், குண்டு விழும் இடமும் நகரலாம். பிறகு ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் நுழைத்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். தடங்கலின்றி வந்தால் சரி. மலிவான பிளாஸ்டிக் கட்டைகள் பைபாடின் மேல் பாரம் விழுந்ததும் வளைந்து குழலைத் தொடும். அப்புறம் எந்தத் தோட்டாவும் ஒழுங்காகப் போகாது. பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதியும் முக்கியம். பெர்காரா பி-14-க்கு ரெமிங்டன் 700-க்குச் செய்த கட்டைகள் பொருந்தும், அவை சந்தையில் குவிந்து கிடக்கின்றன. சாவேஜில் குழலை ஒரு மரைவளையம் பிடித்திருப்பதால், தேய்ந்த குழலைச் சரியான கருவிகளும் அளவிகளும் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம்.

விளம்பரத்தில் வரும் "ஒரு எம்.ஓ.ஏ. உத்தரவாதம்" பற்றி. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு; 100 யார்டில் சற்றே கூடுதலாக ஓர் அங்குலம், 1,000 யார்டில் பத்தரை அங்குலம். உத்தரவாதங்கள் பலவும் மூன்று குண்டுகளின் பரவலை வைத்துத் தரப்படுபவை. அதே ரைஃபிளில், அதே தோட்டாவில், பத்து குண்டு சுட்டால் பரவல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். ரைஃபிள் கெட்டுப்போனதால் அல்ல; சுடச் சுட ஓரத்தில் விழுவதற்கு வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். எனவே யாராவது மூன்று ஓட்டை விழுந்த காகிதத்தைக் காட்டி "அரை எம்.ஓ.ஏ." என்றால் சிரித்துவிட்டுப் பத்து சுடச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்றரை எம்.ஓ.ஏ. வரும் ரைஃபிளே முதல் ஆண்டுக்குத் தாராளம். இரும்புத் தகட்டு இலக்குகள் பெரும்பாலும் இரண்டு எம்.ஓ.ஏ. அளவில் இருக்கும்.

ஸ்கோப்பில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் பலர் தப்பான இடத்தில் செலவழிக்கிறார்கள்: 25 மடங்கு பெருக்கம், பளபளக்கும் கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கத்திலேயே ஆயிரம் யார்டு இலக்கை அடிக்கலாம். அவசியமானது, திருகு சொன்னபடி கேட்பது. பத்து எம்.ஓ.ஏ. மேலே திருகினால் பத்து நகர வேண்டும், திரும்பக் கொண்டுவந்தால் பழைய இடத்தில் நிற்க வேண்டும். மலிவான ஸ்கோப்கள் கவிழ்வது இங்கேதான். அடுத்து, உள்ளே தெரியும் கோடுகளின் அளவும் வெளியே உள்ள திருகின் அளவும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டும் மில் (இன்னொரு கோண அளவு) அல்லது இரண்டும் எம்.ஓ.ஏ. கோடு மில்லிலும் திருகு எம்.ஓ.ஏ.விலும் இருந்தால், ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு போட வேண்டும். இரும்புத் தகட்டு இலக்குப் போட்டிகளுக்குப் போகப்போகிறவர் மில் வாங்குவது நல்லது, பக்கத்தில் படுத்திருப்பவர் காற்றைப் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சொல்வார்.

திருகின் மொத்த வீச்சையும் பாருங்கள். ஒரு ஸ்கோப்பின் வீச்சு 60 எம்.ஓ.ஏ. என்றால், நடுவில் நின்று மேலே போக 30 தான் கிடைக்கும். 6.5 கிரீட்மோருக்கு 1,000 யார்டில் 28 தேவை, மயிரிழையில் தப்பும். .308-க்கு 40 தேவை, முடியவே முடியாது. இதற்கு மருந்து விலை குறைவுதான்: ஸ்கோப்பை ஏற்றும் தண்டை 20 எம்.ஓ.ஏ. முன்சரிவு உள்ளதாக வாங்கினால் 30 என்பது 50 ஆகிவிடும். வளையங்களை முறுக்கும்போது டார்க் ரெஞ்ச் வைத்து நிறுவனம் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். "ரைஃபிள் சரியில்லை" என்று வரும் புகார்கள் பல தளர்ந்த திருகாணிகளில் போய் முடியும்.

குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை வாங்க வேண்டியதில்லை. களத்தில் யாரிடமாவது இருக்கும், ஒரு நாள் இரவல் வாங்கி அளந்துகொள்ளலாம். தாழ்வுக் கணக்குப் போடும் செயலிகள் சில இலவசம். காதுக்காப்பும் கண்ணாடியும் மட்டும் இரவல் கேட்க முடியாதவை. ரைஃபிளையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைக்கும் பெட்டியின் விலையைப் பட்டியலில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இந்தத் தடையில் அடங்கக்கூடும். நண்பர் கூப்பிட்டார் என்று போய்ப் பிடித்துப் பார்த்தால், விசாவுக்கே வினையாகலாம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. வேறு தடை ஏதும் இல்லையென்றால் உரிமம் பெற்ற கடையில் படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும் வாங்கலாம். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல்.

பழையது வாங்கலாமா? வாங்கலாம். 6.5 என்றால் இதுவரை எத்தனை சுட்டது என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் புதுக் குழலின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். .308-லும் .22-லும் அந்தக் கவலை குறைவு. ஸ்கோப்பைப் பொறுத்தவரை வோர்டெக்ஸ் போன்ற சில நிறுவனங்களின் ஆயுட்கால உத்தரவாதம் முதலில் வாங்கியவரோடு முடிவதில்லை, கைமாறினாலும் செல்லும். அதனால் பழைய ஸ்கோப் வாங்குவதில் பழைய ரைஃபிளைவிடக் கொஞ்சம் துணிச்சல் காட்டலாம்.