நான் நடத்தும் சர்வர்

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவருபவரை எண்ணிவிடாதீர்கள்! யான் குறிப்பிடுவது வாடகைக்கு எடுத்த ஒரு கணிப்பொறியை. அதில் 'மாஸ்டடான்' என்னும் மென்பொருளை நிறுவி, விடுதி நண்பர்கள் முப்பது பேருக்குச் சமூக வலைத்தளம் ஒன்றை நடத்தி வருகிறேன்.

இதனை 2016-இல் வெளியிட்டவர் ஜெர்மனியில் வாழும் யூஜென் ரோச்கோ. ட்விட்டர் போன்றவை ஒரே முதலாளியின் மாளிகை. இதுவோ தனித்தனி அஞ்சலகங்களைப் போன்றது. கணக்கு அவரவர் சர்வரில் இருக்கும். ஆயினும் எந்தச் சர்வருக்கும் செய்தி போகும். அதற்கான பொதுவிதியே 'ஆக்டிவிட்டிபப்'.

நண்பர்கள் வெளிச் சர்வர்களில் உள்ளோரைப் பின்தொடர்ந்தால், அவர்கள் இடும் படங்களின் நகல் எங்களிடமும் வந்து சேரும். ஓரிரவு வட்டு நிரம்பி எல்லாம் நின்றுவிட்டது. மறுநாள் எனக்குத் தேர்வு! பழைய நகல்களை அழிக்கும் கட்டளையை அன்றுதான் கற்றேன். (தேர்வைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

ஒன்றை மறைக்கலாகாது. தனிச்செய்திகளும் என் கணிப்பொறியில்தான் கிடக்கின்றன. விரும்பினால் நான் படிக்க இயலும். இதனைச் சொன்னதும் இருவர் விலகிக்கொண்டனர். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை.

ஏப்ரலில் என் படிப்பு முடிகிறது. சர்வரை மூடினால் நண்பர்கள் வேறிடம் பெயரலாம். பின்தொடர்வோரும் உடன் வருவர். ஆனால் எழுதியவை வாரா. மாஸ்டடான் தன் பட்டியலில் உள்ள சர்வர்களிடம், மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே அறிவிக்கும் உறுதியைப் பெறுகிறது. பட்டியலில் இல்லாத நானும் அவ்வாறே வாக்களித்துள்ளேன். இப்போது முதலாண்டு மாணவர் ஒருவர் ஞாயிறுதோறும் என்னிடம் இவ்வேலையைக் கற்று வருகிறார்.