குலுங்கும் தூளிற் பிறக்கும் கோலங்கள்

சுளகிலே அரிசி கொழித்தலைக் கண்டிராத தமிழர் இலர். குலுக்கக் குலுக்க நொய் ஒருபுறமும் மணி ஒருபுறமும் ஒதுங்கும். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளிலே, உலர்ந்த தேயிலையைத் தரம் பிரிக்கும் சல்லடைப் பொறிகளிலும் இதற்கு ஒப்பானதொரு செயலே நிகழ்கின்றது. பெரிய துண்டுகளின் இடைவெளிகளினூடே சிறியவை கீழிறங்கிச் சல்லடைக் கண்வழி வீழ்கின்றன. குலுக்கல் குறையின் தரங்கள் கலந்துவிடும். மிகின் இலை தேய்ந்து, கருமைப் பொலிவிழந்து, நரைத்துவிடும். நரைத்த தேயிலை ஏலத்தில் நல்ல விலை பெறாது. ஆதலின், எவ்வளவு குலுக்குதல் தகும் என்பது வெறும் ஏட்டு வினாவன்று. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பும் அதனில் தங்கியுள்ளது.

குலுங்கும் தூள் பிரிவதோடு நில்லாது கோலமும் இடும். ஜேர்மனியரான கிளாட்னி, அதிரும் தகட்டின் அசைவற்ற கோடுகளில் மணல் சேர்வதை 1787இல் வெளியிட்டார். மிக நுண்ணிய தூளோ அதிர்வு மிக்க இடத்திற் குவியும். அதற்குக் காற்றோட்டமே காரணமென 1831இல் மைக்கல் பரடே விளக்கினார். 1990களில் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துச் சுவின்னி குழுவினர், காற்றகற்றிய கலத்தில் நுண்ணிய வெண்கல மணிகளை மெல்லிய படையாகப் பரப்பி, மேலுங் கீழுமாக அதிர்வித்தனர். உச்ச ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஏறத்தாழ இரண்டரை மடங்கைக் கடந்ததும் சதுரங்களும் கோடுகளும் தோன்றின. மேலும் கூட்டியபோது அறுகோணங்கள் எழுந்தன.

இதனைக் கணனியில் எங்ஙனம் நிகழ்த்துவது? ஒவ்வொரு மணிக்கும் அதன் இடம், வேகம், சுழற்சி என்பவற்றை எண்களாகக் கொடுக்கின்றோம். மணிகள் மோதுந்தோறும் இழக்கும் சக்தியையும் உராய்வையும் கணனி கணித்து, புதிய வேகங்களைத் தருகின்றது. கோலமிடுமாறு கட்டளை எதுவும் அதற்கு இல்லை. எனினும், 1998இல் அக்குழுவினரின் கணிப்பிலே, சோதனையிற் கண்ட கோலங்களே தோன்றின. உராய்வை நீக்கிக் கணித்தபோதோ சதுரமும் அறுகோணமும் நிலைக்கவில்லை என 2004இல் அறிவித்தனர். தடையென நாம் எண்ணும் உராய்வே ஒழுங்கிற்கு உறுதுணையாதல் வியப்பன்றோ!

தேயிலைத் துண்டு உருண்டை மணியன்று. முறுக்குண்டு, நொறுங்குந் தன்மையது. அதனைக் கணித்தல் கடினமே. ஆயினும், சில ஆயிரம் துகள்களின் கணிப்பை இன்று சாதாரணக் கணனியே செய்யும். எம் கல்லூரியில் பௌதிகம் பயிலும் மலையக மாணவர்க்கு ஆய்வுப்பொருள் தொலைவில் இல்லை. தம் தோட்டத்துச் சல்லடையிலேயே உளது.